சாலையும் ஐந்தாம் கட்டளையும்

நவம்பர் மாதத்தைத் தாய்த் திருச்சபை இறந்தோரின் நினைவுக்கென ஒதுக்கியிருக்கிறது. அம்மாதம் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி நிறைவேற்றி, ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துச் செல்லும்போது, கற்களில் பொறித்துள்ள பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்ப்பது நமது வழக்கம். பழைய கற்களிலும் இளவயது மரணங்கள் உண்டு. அவை அம்மையும் வாந்திபேதியும் பிரசவ வேதனையும் கொண்டுபோன உயிர்கள். அவற்றை மருத்துவம் பெரும்பாலும் வென்றுவிட்டது. ஆயினும் புதிய கற்களில் இருபது, இருபத்திரண்டு என்னும் வயதுகள் மறுபடியும் தோன்றுகின்றன. இவை சாலை கொண்டுபோன உயிர்கள்.

நாம் பணியாற்றும் ஆண்டிபட்டி சாலையை நம்பி வாழும் ஊர். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, உசிலம்பட்டியைக் கடந்து கணவாய் ஏறி இறங்கி, நம் ஊர் வழியே தேனிக்குச் செல்கிறது. அகலப் பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி இரயில், தேனி வரை திரும்பி வர 2022 மே மாதம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் மாணவரும் வியாபாரியும் நோயாளியும் சாலையையே நம்பினர். வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் என்பது ஆடம்பரமாக அல்லாமல் தேவையாகவே வந்து சேர்ந்தது. விடியுமுன் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் ஜீப்புகள் ஒருபுறம். தைப்பூசத்துக்குப் பழனியை நோக்கியும், ஆரோக்கிய அன்னையின் திருவிழாவுக்கு வேளாங்கண்ணியை நோக்கியும் இரவில் சாலையோரம் நடந்து செல்லும் பக்தர் கூட்டம் மறுபுறம். பிழைப்பும் பக்தியும் இங்கு ஒரே சாலையில்தான் நடக்கின்றன.

2022 டிசம்பர் 23-ஆம் நாளை நம் வட்டாரம் எளிதில் மறக்காது. சபரிமலை சென்று திரும்பிய பத்துப் பேர் வந்த கார், குமுளி மலைப்பாதையில் இரவு வேளையில் பள்ளத்தில் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தனர். அவர்கள் ஆண்டிபட்டிப் பகுதியினர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டே நாள்கள் இருந்தன. வீடுதோறும் நட்சத்திர விளக்கு ஏற்றிய நம் மக்களும், மாலையணிந்து விரதமிருந்த அண்டை வீட்டாரும் ஒரே துக்கத்தில் நின்ற நாள்கள் அவை. விபத்து எதனால் நேர்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. சாலையில் சிந்தும் இரத்தத்துக்குச் சாதியும் சமயமும் இல்லை என்பதை மட்டும் அன்று கண்கூடாகக் கண்டோம்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கைச் சற்று நோக்குவோம். தமிழகத்தில் சாலை விபத்துகளில் இறந்தோர் 2021-இல் 15,384 பேர். 2022-இல் 17,884 பேர். 2023-இல் 18,347 பேர். 2022-இல் நாடு முழுவதும் மாண்டவர்கள் 1,68,491 பேர். நாம் ஒரு ஞாயிறு திருப்பலியை நிறைவேற்றி முடிக்கும் ஒரு மணி நேரத்துக்குள், நாட்டில் ஏறத்தாழ 19 பேரும், அவர்களுள் தமிழகத்தில் இருவரும் சாலையில் உயிர் துறக்கின்றனர் என்பது இதன் பொருள். அவ்வாண்டு நாட்டில் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் மட்டும் 50,029 பேர். மிகை வேகத்தால் நேர்ந்தவை என்று குறிக்கப்பட்ட மரணங்களோ நூற்றுக்கு 71.

கணக்கைச் சொன்னோம், கண்ணீரைச் சொல்லவில்லை. கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிணவறைக்கு வெளியே, உறவினரோடு நாம் காத்து நின்ற வேளைகள் பல. அங்கே ஒரு தாய் சொன்னது இன்னும் நம் செவியில் ஒலிக்கிறது: "கடைக்குத்தான் போறேன்னு கேட்டான் சாமி. நான்தான் சாவியை எடுத்துக் கொடுத்தேன்." அவள் மகனுக்கு இன்னும் பதினெட்டு நிறையவில்லை. தலைக்கவசம் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள், "எல்லாம் கடவுள் சித்தம், நாம என்ன செய்ய முடியும்?" என்று அவளைத் தேற்றினார்கள்.

இந்தச் சொல்லைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம். துயரத்தில் இருப்போருக்கு ஆறுதலாகச் சொல்லப்படுவதை மறுத்துப் பேசுவது அன்பாகாது. எனவே பிணவறை வாசலில் நாம் விவாதிப்பதில்லை. அந்தத் தாயின் கையைப் பற்றிக்கொண்டு செபமாலை சொல்கிறோம். ஆனால் துக்கம் ஆறிய பின்பும், அடக்கப் பூசைப் பிரசங்கத்திலும், "இறைவன் அழைத்துக்கொண்டார்" என்று சொல்லி முடித்துவிட நம் மனச்சான்று இடம் தருவதில்லை. விதி என்று எழுதி வைத்துப் பிள்ளைகளைப் பறிப்பவரல்லர் நம் கடவுள். நயீன் ஊர் வாசலில் விதவையின் ஒரே மகனின் பாடையைத் தொட்டு நிறுத்தியவர் அவர். மனிதரின் அவசரமும் மதுவும் அலட்சியமும் செய்ததை அவர்மீது சுமத்துவது பக்தியாகுமா? அப்படிச் சுமத்தினால் இன்னொரு தீமையும் விளைகிறது. கடவுளே செய்தார் என்றால், நாம் திருத்திக்கொள்ள ஒன்றுமில்லை என்றாகிவிடும். மறுவாரமே அதே தெருவில் இன்னொரு பையன் அதே வேகத்தில் போவான்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டில், வாகன வேகத்துக்கு வரம்பிடும் சட்டங்களை அற்பமாக எண்ணுவோரைப் பெயர் சொல்லாமல் கண்டித்தது. குடிபோதையினாலோ வேகத்தின்மீது கொண்ட மோகத்தினாலோ தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவோர் கனமான குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஐந்தாம் கட்டளையை விளக்கும் பகுதியில் கற்பிக்கிறது. 2007 ஜூன் மாதம் உரோமை ஆட்சிப்பீடம் சாலை மேய்ப்புப் பணிக்கென ஓர் ஏடு வெளியிட்டது. அதில் ஓட்டுநர்க்கென வகுத்த பத்துக் கட்டளைகளுள் முதலாவது, கொலை செய்யாதே என்பதே. பாவசங்கீர்த்தனத்துக்கு வருவோர் கோபத்தையும் பொய்யையும் சொல்லக் கேட்கிறோம். வேகத்தைச் சொல்வோர் அரியர். ஆன்ம சோதனையில் அதற்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

"எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும்" என்பர் இளைஞர். தெரியட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். 80-இல் சென்றால் 22 மீட்டர். குறுக்கே ஓர் ஆடோ குழந்தையோ வந்ததைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துமுன்னே அத்தனை தூரம் போய்விடுகிறது. திறமை வேலை செய்யத் தொடங்குவது அதன் பிறகுதான். முறையாகக் கட்டிய தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடு குறைக்கிறது என்று ஆய்வுகள் கண்டுள்ளன. தாடைப்பட்டையை மாட்டாமல் காவலருக்காகத் தலைமேல் கவிழ்த்த கவசம் விழும்போது முதலில் கழன்றோடும். பெட்ரோல் டாங்க் மேல் வைத்த கவசம் டாங்கைத்தான் காக்கும்.

பெற்றோரே, உங்களோடு மனம் விட்டுப் பேசுகிறோம். பத்தாம் வகுப்பில் தேறினால் பைக் என்று வாக்களிக்காதீர்கள். பதினெட்டு வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ காப்பாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கூறுகிறது. சட்டத்துக்கு அஞ்சியாவது சாவியை உங்கள் கையில் வைத்திருங்கள். கலியாண வீட்டிலும் அசனத்திலும் குடித்தவனை, "பார்த்துப் போப்பா" என்று வழியனுப்பாமல் திண்ணையில் படுக்க வையுங்கள். மறுநாள் அவன் கோபித்தாலும் பரவாயில்லை, கோபிக்க உயிரோடிருப்பான்.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன குருவையும் லேவியனையும் நாம் எளிதில் கண்டிக்கிறோம். ஆனால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமே என அஞ்சி நாமும் விலகிப் போனதில்லையா? அந்த அச்சத்துக்கு இனி இடமில்லை. உதவி செய்வோரைத் தொல்லைப்படுத்தலாகாது என்று 2016-இல் உச்சநீதிமன்றம் நெறிகளை உறுதி செய்தது; 2019-இன் சட்டத் திருத்தமும் அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. விரும்பாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 108-ஐ அழைத்துவிட்டு அருகில் நில்லுங்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. சமாரியன் தன் பையிலிருந்து இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுத்தான். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு தொலைபேசி அழைப்பும் சிறிது நேரமும் மட்டுமே.

செய்யத்தக்கவை இன்னும் சில. சாலை விபத்தில் மாண்டோரின் நினைவு நாளாக நவம்பர் மூன்றாம் ஞாயிற்றை 2005-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டது. அன்று பங்குகளில் அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். மன்றாட்டில் காயமுற்று முடங்கிக் கிடப்போரையும் சேர்க்கலாம். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரின் முதுகில் ஒளிரும் பட்டை தைத்துக் கொடுக்க மரியாயின் சேனையார் முன்வரலாம். நம் பங்கில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். புது வண்டியை எலுமிச்சம்பழமும் மாலையுமாகக் கோயில் வாசலுக்கு மந்திரிக்கக் கொண்டு வருவோர், ஓட்டுபவருக்கு ஒன்று, பின்னால் அமர்பவருக்கு ஒன்று என இரண்டு தலைக்கவசங்களும் கொண்டுவர வேண்டும். முதலில் முணுமுணுத்தவர்கள் உண்டு. இப்போது தாய்மார்களே மகனை அனுப்பி வாங்கிவரச் செய்கிறார்கள். தீர்த்தம் முதலில் தலைக்கவசத்தின் மேல் விழுகிறது. பிறகே வண்டியின் மேல்.

ஆசீர்வாதம் அவசரத்துக்கு அனுமதிச் சீட்டன்று. காவல் தூதர் நம்மோடு வருகிறார் என்று நம்புவோர், அவருக்கும் சற்று வேலை குறைத்துக் கொடுப்பது நன்று. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லத்திலிருந்து புறப்படும் ஒவ்வொருவரையும் மாலையில் திரும்ப உங்கள் வாசலில் சேர்ப்பாராக.