தாய்வழி எண்ணிய கொட்டகை

எங்கள் கொட்டகையில் கன்று பிறந்தால் அப்பாயி "எந்த வழி?" என்றுதான் கேட்பார். சுட்டி வழி, குட்டச்சி வழி என்று இரண்டு இருந்தன. நான் பார்த்தேயிராத இரண்டு பசுக்களின் பெயர்கள் அவை. இன்றைக்கும் என்னிடம் நிற்கிற கிடேரிகளை அந்த இரண்டில் ஒன்றோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அத்தனையும் உம்பளச்சேரி மாடுகள். தலைஞாயிறு பக்கத்துக் கிராமத்தின் பெயரைத் தாங்கிய இனம். எங்கள் கீழத்தஞ்சைப் பக்கம் தெற்கத்தி மாடு, ஜாதி மாடு என்றும் சொல்வார்கள். கணபதியான் மாடு, ஆட்டுக்காரன் மாடு, சூரியங்காட்டு மாடு என்று உட்பிரிவுகளும் உண்டு. உருவம் சிறிது, கால் குட்டை, ஆனால் முழங்கால் புதைகிற வண்டல் சேற்றில் பெரிய மாடு திணறும் இடத்தில் இது நிதானமாக உழுதுகொண்டு போகும்.

வம்சம் பார்ப்பது எங்கள் வழக்கம் மட்டுமல்ல. ஆங்கிலேயர்கள் பந்தயக் குதிரைகளுக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வம்சப் பதிவேடு அச்சிட்டார்கள். அந்தத் தோரோபிரட் குதிரைகளின் ஆண்வழியைத் தேடிப்போனால் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்றில் ஒன்றிடம் போய் நிற்கும். நாங்கள் தாய்வழியைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. பொலிகாளை ஊருக்குப் பொது. கோயில் காளை எந்தத் திடலில் மேய்ந்து எந்தப் பசுவைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பசு மட்டும் நம் கண்முன்னே நிற்கிறது.

கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறேழு மாதத்தில் அந்த நிறம் உதிர்ந்து சாம்பல் ஏறும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நான்கு காலிலும் வெள்ளை, வால் குஞ்சத்தில் வெள்ளை எல்லாம் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். அதுவரை தாத்தா எந்தக் கன்றையும் விற்கவோ கழிக்கவோ விடமாட்டார். குறி எல்லாம் சரியாக இருந்தாலும் தாய் முரடாக இருந்தால் அதன் காளைக்கன்றைப் பொலிக்கு விட்டதில்லை. மாட்டின் அழகைவிடக் குணம் பெரிது என்பது அவர் கணக்கு. என் அனுபவத்திலும் அதுவே சரி.

உழவுக்குப் போகும் கன்றுக்குக் கொம்பு வளரவிடாமல் தீய்ப்பது இங்கே பழைய வழக்கம். மொட்டை மாடு என்ற பெயர் அதனால் வந்தது. அதை நான் விட்டுவிட்டேன். ஏர் பூட்டாத மாட்டுக்கு அந்த வலி எதற்கு?

டிராக்டர் வந்ததும் ஏர் போனது. நாளுக்கு இரண்டு லிட்டர் கறக்கிற பசுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பல வீடுகள் ஜெர்சிக்கு மாறின. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பால் பணம் வேண்டும். திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கை அரசுக் கால்நடைப் பண்ணையில் இந்த இனத்தைப் பேணுகிறார்கள். ஆனால் ஒரு பண்ணை மட்டும் எத்தனை வழிகளைக் காப்பாற்ற முடியும்?

2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறிய இரவில் எங்கள் கொட்டகையின் கூரை விழுந்தது. குட்டச்சி வழியில் ஒரே ஒரு கிடேரி மிஞ்சியது. இன்று அந்த வழியில் இருப்பவை எல்லாம் அது ஈன்றவையும் அவற்றின் கன்றுகளும்தான்.

உங்கள் வீட்டில் உம்பளச்சேரிப் பசு இருந்தால், அது பருவத்துக்கு வரும்போது கால்நடை மருந்தகத்தில் உம்பளச்சேரி உறைவிந்துதான் வேண்டும் என்று கேளுங்கள். தாய் யார், காளை எது, ஈன்ற நாள் எது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.