முடிவு தெரிஞ்ச மேட்ச்!

பிட்ஸ்பர்க் என்றால் நம்மவர்களுக்குப் பெருமாள் கோயில்தான். நானும் தரிசனம், புளியோதரை எல்லாம் முடித்துவிட்டுத்தான் ஓக்லண்ட் பக்கம் போனேன். அன்று அக்டோபர் 13. கொடி படர்ந்த பழைய செங்கல் மதில். எதிரே மடக்கு நாற்காலி சகிதம் பெருசுகள் கூட்டம். ஸ்பீக்கரில் பேஸ்பால் வர்ணனை அலறுகிறது. எந்த மேட்ச்? 1960-ல் நடந்தது சார்!

1909-ல் திறந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தின் மிச்சம் இந்த மதில். 1970-ல் மூடி, அடுத்த வருஷம் இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது பல்கலைக்கழகக் கட்டடம். பேட்ஸ்மேன் நிற்கிற 'ஹோம் பிளேட்' அதன் தரையில் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. மாணவர்கள் பாட்டுக்கு அதன் மேலேயே நடந்து போகிறார்கள்.

1960 வேர்ல்ட் சீரிஸ், ஏழு ஆட்டம். நியூயார்க் யாங்கீஸ் மொத்தம் 55 ரன், பிட்ஸ்பர்க் 27. ஆனால் ஜெயித்தது பிட்ஸ்பர்க்! என் பி.காம். மூளைக்கு இந்தக் கணக்கு டேலி ஆகவேயில்லை. கடைசி ஆட்டம் 9-9. மாஸரோஸ்கி அடித்த பந்து மதிலைத் தாண்டியபோது மணி 3.36.

1985-ல் ஒரே ஒரு ரசிகர் டேப்போடு தனியாக வந்து உட்கார்ந்து ஆரம்பித்த பழக்கமாம் இது. இன்றும் கரெக்டாக 3.36-க்குப் பந்து தாண்டியது. பெருசுகள் துள்ளிக் குதித்தன.

"முடிவு தெரிஞ்ச மேட்ச்தானே சார்?" என்றேன் பக்கத்துப் பெரியவரிடம்.

"அன்னிக்கு அப்பா கூப்பிட்டார். பரீட்சைன்னு நான் போகலை. அவர் மட்டும் போனார்." ஸ்பீக்கரைக் காட்டினார். "இந்தக் கூச்சல்ல அவர் குரலும் இருக்கு தம்பி."