உப்புத் தண்ணியில் மூழ்கிய வண்டு

நண்பர்களே, போன மாதம் நான் வகுப்பில் காட்டிய சாவிக்கொத்து ஞாபகம் இருக்கிறதா? தேன் நிறக் கல், அதற்குள்ளே ஒரு கருவண்டு. "டைனோசர் காலத்து வண்டு, ஏழு கோடி வருஷம்"னு பெருமையாகச் சொன்னேன். பாதிப் பேர் தொட்டுப் பார்த்தீர்கள். நான் சொன்னது பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை.

அது அப்பா வாங்கித் தந்தது. ஒரு பொருட்காட்சிக் கடையில் 200 ரூபாய். அப்பா சாயப்பட்டறையில் வேலை. அந்த வாரம் இரண்டு நைட் ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருந்தார். "பூச்சின்னா உனக்குப் புடிக்குமே கண்ணு"ன்னு எடுத்துக் கொடுத்தார்.

பிறகுதான் அறிவியல் டீச்சர் ஆம்பர் பற்றிப் படிக்கச் சொன்னார். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது. ஆம்பர் என்பது உண்மையில் கல்லே இல்லை, மரத்தின் பிசின். நாம் நோட்டு ஒட்டுகிற வேப்பம்பிசின் தண்ணீரில் கரைந்துவிடும். குங்கிலியம் மாதிரிப் பிசின் கரையாது. அப்படிப்பட்ட பிசின் மண்ணுக்குள் புதைந்து, கோடிக்கணக்கான வருஷத்தில் இறுகினால் ஆம்பர். வழிகிறபோது காலை வைத்த எறும்பும் கொசுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுதான். கால் உடைந்து, சிறகு மடங்கி, பக்கத்தில் காற்றுக் குமிழி, இலைத்தூள் என்று கிடக்கும். என் வண்டோ பெருவிரல் நகம் அளவு. ஆறு காலையும் அழகாக விரித்து, போட்டோவுக்கு நிற்பதுபோல நட்டநடுவில் இருந்தது!

வீட்டிலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு. உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் நிஜ ஆம்பர் மிதக்கும், பிளாஸ்டிக் பெரும்பாலும் மூழ்கும். அதை நான் செய்யவில்லை. மூழ்கிவிட்டால் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது? நான்கு நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் என் நோட்டைப் புரட்டிய அப்பாவே கேட்டுவிட்டார். "உப்புத்தண்ணிதான? சாயம் ஏத்தறதுக்கு மூட்டை மூட்டையா உப்புக் கொட்டறவன் நானு. கொண்டா அந்தப் போசிய."

கல்லுப்பைக் கைகையாகப் போட்டுக் கலக்கினார். சாவிக்கொத்தைப் போட்டோம், மூழ்கியது. "இரும்பு வளையம் இழுக்குது, அதக் கழட்டு" என்றார். கழற்றிப் போட்டோம். மறுபடி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா கொஞ்ச நேரம் போசியையே பார்த்தார். "சட்டை பட்டன் ஊத்தற மாவாட்டம் இருக்குது" என்றார். அவ்வளவுதான். 200 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் அழுகை முட்டியது.

"அப்ப நெசமானது எங்கதான் கெடக்குது?" என்று கேட்டார். படித்ததை எல்லாம் சொன்னேன்.

மியான்மரில் கச்சின் என்ற மலைப் பகுதி. அங்கே தோண்டி எடுக்கிற ஆம்பருக்கு வயது சுமார் 9.9 கோடி வருஷம். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி வருஷத்துக்கு முன், அதனால் இது அசல் டைனோசர் காலம். ஒரு துண்டில் எறும்பு ஒன்று கரப்பான் பூச்சிக்குச் சொந்தமான ஒரு குஞ்சுப் பூச்சியைக் கவ்வியபடியே உறைந்திருக்கிறது. நம் எறும்புக்கு வாய் பக்கவாட்டில் மூடும், அதற்குக் கீழிருந்து மேலே மூடுமாம். 2020-ல் இதை வெளியிட்டார்கள். இன்னொரு துண்டை 2015-ல் மிச்சினா சந்தையில் சீன விஞ்ஞானி லிடா ஸிங் பார்த்தார். கடைக்காரர் ஏதோ செடி என்று நினைத்து நகைக்காகப் பட்டை தீட்டி வைத்திருந்தார். அது இறகு முளைத்த குட்டி டைனோசரின் வால்! கூடவே எறும்புகளும்.

"பாரு, அந்தக் கடைக்காரருக்கும் தெரியல" என்றார் அப்பா. லேசாகச் சிரித்தார்.

நம் நாட்டில் குஜராத் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆம்பர் உண்டு, குங்கிலிய மரக் குடும்பத்தின் பிசின்தான். உள்ளே நூற்றுக்கணக்கான பூச்சிகள். ஆனால் வயது ஐந்து கோடி வருஷம்தான், டைனோசர் போன பிறகு வந்தது. டைனோசர் காலத்துப் பூச்சி வேண்டுமென்றால் கோதாவரிப் பக்கம் போக வேண்டும். அங்கே கோட்டா என்ற பாறை அடுக்கில்தான் கொல்கத்தாவில் நிறுத்தியிருக்கும் பாரபாசாரஸ் டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. அதே அடுக்கில் கரப்பான், வண்டுகளின் சிறகுகள் கல்லில் அச்சாகப் பதிந்திருக்கின்றன. எலும்பே மட்கிப்போகும்போது வெற்றிலையைவிட மெல்லிய சிறகு எப்படித் தப்பியது? அசையாத தண்ணீரில், மெல்லிய சேற்றில் அமுங்கியதால்.

"நம்ம தமிழ்நாட்டுல?"

"அரியலூர் இருக்குதுங்கப்பா. ஆனா அப்ப அது கடலு. சங்கு, சிப்பியெல்லாம் எடுத்திருக்காங்க. பக்கத்துல சாத்தனூர்ல பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாக் கெடக்குது."

"மரம்னா பூச்சி ஏறாமயா இருந்திருக்கும்?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. டீச்சரிடம் கேட்டேன். ஏறியிருக்கும், ஆனால் மரம் கடலில் மிதந்து போய்ப் புதைவதற்குள் கழன்று போயிருக்கும் என்றார்.

மே மாத லீவில் சாத்தனூர் போவதாகப் பேச்சு. வண்டு இப்போது அப்பாவின் டிவிஎஸ் வண்டிச் சாவியில் தொங்குகிறது. உப்பு போக இரண்டு தரம் கழுவினோம்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு