பீரோ நிறையப் புடவை, உடுத்த ஒன்றுமில்லை!

போன வருஷம் தை மாதம் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலை ஏழரை மணிக்கு. ஐந்து மணிக்கே தலைக்குக் குளித்துவிட்டு பீரோவைத் திறந்தேன். ஆறேகால் மணிக்குக் கட்டில் முழுக்கப் பட்டுப்புடவைகள் குவிந்து கிடக்கின்றன. நடுவில் நான் உள்பாவாடையும் துண்டுமாக உட்கார்ந்திருக்கிறேன். புடவைக்கு என்ன, அது யாரை வேண்டாம் என்றது? ஜாக்கெட்தான் சேரவில்லை! ஒன்றில் கை நுழையவில்லை. நுழைந்ததில் ஹூக் எட்டவில்லை. எட்டியதில் மூச்சு விட முடியவில்லை. தைராய்டும் வயதும் சேர்ந்து இரண்டு வருஷத்தில் என் உடம்பை வேறு உடம்பாக்கிவிட்டன. அந்தச் சேதி ஜாக்கெட்டுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

கடைசியில், "எனக்குத் தலைவலிங்க. நீங்களும் பொண்ணும் போயிட்டு வந்துடுங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டேன். சுத்தப் பொய். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண் அவள். அவளுக்குத் தாலி ஏறும்போது நான் வீட்டில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். "பெரியக்கா ஏன் வரலை?" என்று மணையிலேயே கேட்டாளாம். அந்த வார்த்தை இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிறது.

என் மகள் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். அவள் ஃபேஷன் டிசைன் படிக்கிறாள். அதில் எங்கள் இருவருக்கும் ஒரு பழைய சண்டை உண்டு. "தையல் கத்துக்கக் காலேஜாடி? இதுக்கா உன்னை இங்கிலீஷ் மீடியத்துல போட்டேன்?" என்று அவள் சேர்ந்த நாளில் நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அன்றிலிருந்து படிப்பைப் பற்றி என்னிடம் அவள் வாயைத் திறப்பதில்லை.

அப்படிப்பட்டவள் கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில், "அம்மா, திங்கக்கிழமை எனக்கு செமினார். டோனா கரன்னு ஒரு டிசைனர், 1980-கள்ல அவங்க போட்ட கலெக்ஷனைப் பத்திப் பேசணும். நீ கொஞ்சம் உட்கார்ந்து கேளேன்" என்றாள். ஒரு டிசைனர் ஒரு பருவத்துக்கென்று சேர்ந்தாற்போல் தைத்துக் காட்டும் உடுப்புகளுக்குத்தான் கலெக்ஷன் என்று பேராம். நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே, 'சரி, கேட்டு வைப்போம்' என்று உட்கார்ந்தேன்.

"அமெரிக்காவுல நியூயார்க். 1948-ல பிறந்தவங்க. அப்பா ஆம்பளைங்களுக்கு சூட் தைக்கிறவர். இவங்களுக்கு மூணு வயசு இருக்கும்போதே விபத்துல போயிட்டார். அம்மா துணி வியாபாரத் தெருவுலயே வேலை பார்த்துப் பொண்ணை வளர்த்தாங்க" என்று சொல்லிவிட்டு, "தையல்காரர் மக, அம்மா" என்று ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் அவரைக்காயைப் பார்த்தேன்.

படித்து முடிக்கும் முன்பே ஆன் கிளைன் என்ற பெரிய பெண் டிசைனரிடம் டோனா கரன் வேலைக்குச் சேர்ந்தார். நாளடைவில் அந்த அம்மாளுக்கு வலது கை மாதிரி ஆனார். 1974 மார்ச் மாதம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதே சமயத்தில் ஆன் கிளைன் மார்பகப் புற்றுநோயில் படுத்த படுக்கை. கலெக்ஷனோ பாதியில் நிற்கிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்கே துணிகளும் ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். குழந்தை பிறந்து சில நாட்களில் முதலாளியம்மா கண்ணை மூடிவிட்டார். இருபத்தைந்து வயது பச்சை உடம்புக்காரி, அழக்கூட நேரமில்லாமல் அந்தக் கலெக்ஷனை முடித்துக் கொடுத்தார்.

இதைக் கேட்டதும் என் கை நின்றுவிட்டது. நான் பிரசவித்த மூன்று மாதமும் நைட்டியிலேயே கிடந்தேன். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் உள்ளறைக்கு ஓடிவிடுவேன். பழைய உடுப்பு சேராது, புது உடுப்பு தைக்க மனசு வராது. 'இளைச்சப்புறம் தைச்சுக்கலாம்' என்று நினைப்பு! பெற்றவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அதற்கப்புறம் பத்து வருஷம், கூடப் படித்த நண்பர் லூயி டெலோலியோவோடு சேர்ந்து அந்தக் கம்பெனிக்கே டிசைன் செய்திருக்கிறார் டோனா கரன். 1984-ல் வெளியே வந்தார். பழைய முதலாளிகளே மூலதனம் போட, சிற்பியான கணவர் ஸ்டீபன் வைஸ் துணை நிற்க, சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். 1985-ல் முதல் கலெக்ஷன். அதன் பெயரைத் தமிழில் சொன்னால், 'சுலபமான ஏழு உடுப்புகள்'.

"ஏழுதானா?" என்றேன்.

"ஏழேதான். அதுதான் விசேஷமே" என்றாள்.

அந்தக் காலத்து அமெரிக்காவை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் பெரிய பெரிய உத்தியோகங்களில் கூட்டமாக நுழைந்த நேரம் அது. உடுத்துவதற்கு என்ன செய்வது? ஆண்கள் போடும் சூட்டையே கொஞ்சம் குறுக்கி, கால்சட்டைக்குப் பதில் ஒரு பாவாடையைச் சேர்த்து, கழுத்தில் டைக்குப் பதில் ஒரு ரிப்பன் முடிச்சும் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார்களாம். அப்படி உடுத்தினால்தான் மரியாதை என்று புத்தகம் போட்டே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! டோனா கரனுக்கு அது பிடிக்கவில்லை. தானும் வேலைக்குப் போகும் தாய். காலையில் பிள்ளை, பகலில் ஆபீஸ், ராத்திரி ஒரு விருந்து. நடுவில் வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ள நேரமில்லை. மாடல் பெண் மாதிரி மெலிந்த உடம்பும் இல்லை. 'எனக்கே போட்டுக்க என்ன வேணும்?' என்று யோசித்துத் தைத்ததுதான் அந்த ஏழு.

அடித்தளம் பாடிசூட் என்ற உடுப்பு. நம் பனியன் துணி மாதிரி இழுத்தால் விரியும் துணியில், கழுத்திலிருந்து உடம்போடு ஒட்டி வந்து, கால்களுக்கு நடுவில் பிரஸ் பட்டனில் முடியும். நாட்டியம் ஆடுகிறவர்கள் போடுவதைப் போன்றது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மேலே ஏறாது, வெளியே வராது. அதன்மேல் கறுப்பில் தடிமனான கால் உறை. அதன்மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் பாவாடை. பிறகு வெள்ளைச் சட்டை, ஸ்வெட்டர், ஜாக்கெட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. (ஜாக்கெட் என்றதும் நம் ரவிக்கை என்று நினைத்துவிட்டேன். அவர்களுக்கு அது கோட்டு!) முதல் காட்சியில் மாடல் பெண்கள் வெறும் பாடிசூட்டும் கால் உறையுமாக வந்து நின்று, ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார்களாம். பெரும்பாலும் கறுப்பு நிறம். அதனால் எதற்கும் எது வேண்டுமானாலும் ஜோடி சேரும். காலையில் கோட்டு, மாலையில் அதைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய பொன்னிற நகை. விருந்துக்குத் தயார்!

"பாத்ரூம் போகணும்னா அந்தப் பிரஸ் பட்டனோட மல்லுக்கட்டணுமேடி?" என்றேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதை நான் கட்டாயம் செமினார்ல சொல்றேம்மா!"

எனக்கு அந்தச் சுற்றிக் கட்டும் பாவாடைதான் பிடித்தது. ஒரு சுற்று குறைந்தாலும் கூடினாலும் பாவாடை கோபித்துக்கொள்ளாது. மாதவிலக்கு நாளில் வயிறு உப்பியிருந்தால் தளர்த்திக் கட்டலாம். நம் புடவை காலம் காலமாகச் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது! இடுப்புப் பருமனை மறைத்து, தோளையும் காலையும் எடுத்துக் காட்டும்படி வெட்டுவதில் அந்த அம்மாள் கெட்டிக்காரியாம். தன் இடுப்பை ஒளிக்கக் கற்றுக்கொண்ட வித்தையே ஊருக்கெல்லாம் உதவியது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

குறையும் சொல்ல வேண்டும். உயர்ந்த கம்பளி, உயர்ந்த தோல். சாமானியப் பெண்கள் கிட்டே போக முடியாத விலை. 1980-களின் கடைசியில், தன் மகளைப் போன்ற இளம் பெண்களையும் நினைத்து, விலை குறைந்த வகை ஒன்றை 'டி.கே.என்.ஒய்.' என்ற பெயரில் கொண்டுவந்தார். ஆனாலும் அதுவும் நம் கைக்கு எட்டுகிற விலை இல்லைதான். 2001-ல் கம்பெனி ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2015-ல் தலைமை டிசைனர் பொறுப்பையும் விட்டு விலகிவிட்டார்.

செமினார் ஒத்திகை முடிந்தது. நான் எழுந்து பீரோவைத் திறந்தேன். எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று புடவைகள். அவற்றில் நான் உடுத்துவது ஏழெட்டு. மற்றவையெல்லாம், நான் என்றைக்கோ இளைக்கப்போகிறேன் என்று பாச்சை உருண்டையோடு காத்துக்கொண்டிருக்கின்றன! அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடம்புக்குத் தகுந்தபடி உடுப்பு இருக்க வேண்டுமே தவிர, உடுப்புக்காக உடம்பை ஒளித்து வைக்கக் கூடாது. தைராய்டு மாத்திரையைச் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், அதெல்லாம் வேறு. இளைக்கும்வரை வாழாமல் இருக்க முடியுமா?

"ஏண்டி, எனக்கு நீ அளவு எடுப்பியா?" என்று கேட்டேன். டேப்போடு ஓடி வந்தாள். பழைய அளவு ஜாக்கெட்டைத் தொடவே இல்லை. இன்றைய என்னை அளந்தாள். நாங்கள் போட்ட கணக்கு இது. கறுப்பு, மெரூன், பொன்னிறம் என்று மூன்றே ஜாக்கெட்டுகள். மூன்றுமாகச் சேர்ந்து என் புடவைகளில் முக்கால்வாசிக்கு ஒத்துப்போகின்றன. கை சுற்றளவில் தாராளம். பக்கத் தையலின் உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணி விட்டிருக்கிறாள். உடம்பு கூடினால் ஒரு தையல் பிரிக்க வேண்டியது, குறைந்தால் ஒரு தையல் போட வேண்டியது. நல்ல நிலையிலிருந்த பழைய ஜாக்கெட்டுகள் நாலைந்தைக் கைக்குழியில் துண்டு கொடுத்துப் பெரிதாக்கினாள். எதுவுமே செய்ய முடியாதவற்றை ஒல்லியான ஓரகத்திக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது மனசு கொஞ்சம் கனத்தது. மறுநாள் லேசாகிவிட்டது.

கார்த்திகையில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. மெரூன் ஜாக்கெட்டும் மாம்பழ நிறப் பட்டுமாக முதல் ஆளாகப் போய் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வளையல் அடுக்கிவிட்டு, காதோடு, "கல்யாணத்தன்னிக்கு எனக்குத் தலைவலி இல்லைடி. ஜாக்கெட் சேரலை" என்று உண்மையைச் சொன்னேன். "அட, போக்கா! நைட்டியிலயே வந்திருக்கலாமே!" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

சீராக நான் பட்டுப்புடவை வைக்கவில்லை. மெத்தென்ற பருத்தியில் இரண்டு உடுப்புகள். முன்பக்கம் திறந்து பால் கொடுக்கலாம். இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடி ஒளிய வேண்டாம். தைத்தது என் மகள்.

பிரித்துப் பார்த்த பெண்கள், "எங்க வாங்கினீங்க?" என்று மொய்த்துக்கொண்டார்கள்.

"வாங்கலை. எம் பொண்ணு தைச்சது. தையல் படிக்கிறா" என்றேன். அந்த வார்த்தையை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.