ஆரூர்க் கமலாம்பாளும் ஒன்பது கீர்த்தனைகளும்

திருவாரூரில் பிறந்தாலே முக்தி என்பது பெரியோர் வாக்கு. அந்தப் பேறு பெற்றவர்களுள் சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் அடங்குவர். சியாமா சாஸ்திரிகள் 1762-லும், தியாகராஜ சுவாமிகள் 1767-லும், முத்துசுவாமி தீட்சிதர் 1775-லும் இத்தலத்தில் அவதரித்தனர். பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஓர் ஊர் மூன்று மகான்களை உலகுக்குத் தந்திருக்கிறது. அவர்கள் பிறந்த இல்லங்கள் இன்று நினைவாலயங்களாக விளங்குகின்றன. கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் அவற்றையும் தரிசித்து வரலாம்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் அடியேனுக்கு வாய்த்த பெரும் செல்வம் நேரம். அந்த நேரத்தில் நாள்தோறும் மாலை விளக்கேற்றியதும் நான் கேட்பது தீட்சிதரின் கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகள். "எத்தனையோ பாடல்கள் இருக்க, இவற்றையே ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்?" என்று இல்லத்தாரும் நண்பர்களும் வினவுவதுண்டு. அதற்கு விடை கூற வேண்டுமானால் முதலில் அந்த அன்னை வீற்றிருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

திருவாரூர்ப் பெருங்கோயிலில் மூலவர் வன்மீகநாதர். புற்றிடங்கொண்டார் என்பது தமிழ்த் திருநாமம். சோமாஸ்கந்த வடிவினராகிய தியாகராஜப் பெருமான் அஜபா நடனம் புரியும் தலம் இது. சப்த விடங்கத் தலங்களுள் முதன்மையானதும் இதுவே. சுவாமிக்கு உரிய அம்பிகையாக நீலோத்பலாம்பாள் ஒரு சந்நிதியில் அருள்பாலிக்க, பிராகாரத்தில் தனிக்கோயில் கொண்டு எழுந்தருளியிருப்பவள் கமலாம்பாள். மற்றத் தலங்களில் அம்பிகையை நின்ற திருக்கோலத்தில் கண்டு பழகிய நமக்கு, இங்கே கால்மேல் கால் இட்டு யோக நிலையில் அமர்ந்திருக்கும் அன்னையைக் கண்டதும் மனம் தானே அடங்கிவிடுகிறது. அவள் கோயிலில் எழுத்துகளுக்கு உரிய அட்சர பீடமும் இருக்கிறது. ஒலிக்கும் எழுத்துக்கும் மூலமானவள் முன்னிலையில் இசை பிறந்ததில் வியப்பில்லை.

தீட்சிதரின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் நெடுநாள் மகப்பேறின்றி வைத்தீசுவரன் கோயிலில் வேண்டிப் பெற்ற பிள்ளை இவர். அத்தலத்து முத்துக்குமாரசுவாமியின் திருநாமமே பிள்ளைக்கு அமைந்தது. இளமையில் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று ஸ்ரீவித்யா உபாசனையில் தேர்ந்தார். அந்த உபாசனையின் கனியே நவாவரணக் கீர்த்தனைகள்.

ஸ்ரீசக்கரத்துக்கு ஒன்பது ஆவரணங்கள், அதாவது ஒன்பது சுற்றுகள். வெளியே உள்ள சதுரத்திலிருந்து நடுவில் உள்ள பிந்து வரை ஒவ்வொரு சுற்றாகக் கடந்து அன்னையை அடைவது வழிபாட்டு முறை. ஒரு சுற்றுக்கு ஒரு கீர்த்தனையாக ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, சஹானா, கண்டா, ஆஹிரி என்று ஒன்பது ராகங்களில் தீட்சிதர் பாடினார். முன்னே தோடியில் தியானக் கீர்த்தனையும், பின்னே ஸ்ரீராகத்தில் மங்களமும் உண்டு. ஆகப் பதினொன்று.

இவற்றுள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நம் தமிழ் இலக்கணத்தைப் போலவே வடமொழியிலும் எழுவாய் முதல் விளி ஈறாக எட்டு வேற்றுமைகள் உண்டு. தீட்சிதர் முதல் எட்டுக் கீர்த்தனைகளையும் முறையே ஒவ்வொரு வேற்றுமையில் அமைத்தார். முதலில் அவள் காப்பவளாக நிற்கிறாள்; அடுத்து அவளைத் தொழுமாறு மனத்துக்குச் சொல்கிறோம்; மூன்றாவதில் அவளால் அருளப்படுகிறோம்; நான்காவதில் அவளுக்கு வணக்கம்; ஐந்தாவதில் அவளினும் மேலானது இல்லை என்ற தெளிவு; ஆறாவதில் அவளுடைய அடியார் ஆகிறோம்; ஏழாவதில் அவளிடத்தே பக்தி நிலைக்கிறது; எட்டாவதில்தான் அவளை நேரே விளித்து அழைக்கிறோம். ஒன்பதாவதான ஆஹிரிக் கீர்த்தனையில் எட்டு வேற்றுமைகளும் ஒருங்கே வருகின்றன. இலக்கணமே பக்திக்குப் படிக்கட்டாகும் அழகை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

இனி, இக்கீர்த்தனைகள் அடியேனுக்கு உயிர்த்துணையான காரணத்தைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளாக எனக்குச் செவிப்புலன் குறைந்து வருகிறது. வயது முதிர்வால் வரும் குறைவு இது என்றார் மருத்துவர். இத்தகைய குறைவில் மேல்நிலை ஒலிகளே முதலில் மங்கும். குரல் கேட்கும், சொல் தெளியாது. பேத்தி ஆசையோடு சொல்லும் கதையைப் பாதி ஊகித்துத்தான் சிரிக்கிறேன். காது கேட்கும் கருவி பேச்சுக்குப் பெரிதும் உதவுகிறது. ஆனால் அதன் வழியே இசையைக் கேட்டால் பழகிய குரலும் அந்நியமாக ஒலிக்கிறது. விரைவாகச் செல்லும் பாடல்கள் எனக்கு இரைச்சலாகிவிட்டன. இனி இசையே நமக்கில்லையோ என்று இரவுகளில் கலங்கியதுண்டு.

அந்நிலையில் என்னைத் தாங்கியவை தீட்சிதரின் கீர்த்தனைகளே. அவர் நடை விளம்ப காலம். யானை நடப்பது போன்ற நிதானம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே மனம் தன் நினைவிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. செவி தவறவிட்டதை நெஞ்சு சேர்த்துக்கொள்கிறது. வீணையில் வாசித்த பதிவாக இருந்தால் இன்னும் தெளிவு.

சென்ற ஐப்பசியில் துணைவியாருடன் திருவாரூர் சென்றேன். இங்கே சாயரட்சை வழிபாடு தனிச்சிறப்பு உடையது. தேவர்கள் அனைவரும் அவ்வேளையில் தரிசனத்துக்கு வருவதாக ஐதிகம். அப்போது ஒலிக்கும் இசைக்கருவிகளுள் பஞ்சமுக வாத்தியம் குறிப்பிடத்தக்கது. ஐந்து முகங்கள் கொண்ட பெரிய வெண்கல முழவு அது. இன்று மிகச் சில தலங்களிலேயே காணக் கிடைக்கிறது. அதன் முழக்கம் எழுந்தபோது கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஒலி செவிக்கு எவ்வளவு எட்டியதோ அறியேன், மார்பில் அதிர்ந்தது. அருகிலிருந்த தூணில் கை வைத்தேன். கல்லிலும் அந்த அதிர்வு தெரிந்தது.

இத்தலத்தின் வரலாற்றை எண்ணிப் பார்த்தேன். பார்வையின்றிப் பிறந்த தண்டியடிகள், கயிற்றைத் தடவிக்கொண்டே திருக்குளத்து மண்ணை அள்ளித் தொண்டு செய்து பார்வை பெற்றது இங்கேதான். கண்ணிழந்த சுந்தரர் காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றொன்றும் பெற்றார். நானும் செவியைக் கேட்கலாமே என்று துணைவியார் மெல்லச் சொன்னார். கமலாம்பாள் சந்நிதியில் நின்றபோது அவ்வாறு கேட்க நா எழவில்லை. தண்டியடிகள் குளத்தைத் தோண்டியது பார்வையை விலையாகக் கேட்டு அன்று. தோண்டுவதே அவருக்கு வழிபாடாக இருந்தது. கண்டா ராகக் கீர்த்தனையை எனக்கே கேளாத மெல்லிய குரலில் பாடி முடித்தேன். சுருதி சேர்ந்ததா என்று துணைவியாரைக் கேட்டேன். "அம்பாளுக்குச் சேர்ந்திருக்கும்" என்றார்.

திருவாரூர் செல்லும் மூத்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோயில் மிகப் பெரியது. கமலாலயத் திருக்குளமும் அதற்கு ஈடாகப் பரந்தது. அவசரமின்றி மாலையிலேயே சென்று, நடுவே அமர்ந்து இளைப்பாறி, சாயரட்சையைத் தரிசித்து, கமலாம்பாள் சந்நிதிக்கு வாருங்கள். பயணம் இயலாதவர்கள் வருகிற நவராத்திரியில் நாளுக்கு ஒரு கீர்த்தனையாக ஒன்பது நாளும் கேளுங்கள். ராகம் தெரிய வேண்டும் என்பதில்லை. எத்தனையாவது கீர்த்தனை, எந்த வேற்றுமை என்பதை மட்டும் மனத்தில் கொண்டால் போதும். செவி நன்றாக இருக்கும்போதே பேரக்குழந்தைகளை அருகே அமர்த்திக்கொண்டு கேளுங்கள். பின்னாளில் நமக்குக் கேளாதபோது, அவர்கள் பாடிக் காட்டுவார்கள்.