ஏடு பயின்ற காலம்

எழுத்தறிந்தார் யாவரும் ஏடறிந்தாராகார். அச்சிட்ட நூலைத் தடையின்றி ஓதவல்ல புலவரும், பனையோலைச் சுவடியொன்றைக் கையிலெடுத்தவழி, எழுத்தறியாதார் நிலையையே எய்துவர். ஆதீனத் தமிழ்க் கல்லூரியொன்றிற் பயின்று ஆசிரியத் தொழிலில் அமர்ந்திருந்த யான், 1990 ஆம் ஆண்டில், எனது 32 ஆம் வயதில், முதியவரொருவர்பால் மீண்டும் அரிச்சுவடி தொடங்கி ஏடு வாசிக்கக் கற்றேன். அதனை ஈண்டுக் கூறுவது, சைவ நன்மக்களுக்கு ஒரு பயனுண்டு என்னுங் கருத்தினாலேயாம்.

ஓலையில் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடார். எகர ஒகரக் குறில்களுக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் விதித்த புள்ளியும் இவ்வாறே ஒழிந்தமையால், குறிலும் நெடிலும் ஒரு வடிவாய் நிற்கும். இக்காலத்து நாம் எழுதும் வேறுபாடு 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வகுத்ததாகும். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். சொற்களுக்கு இடையீடில்லை; செய்யுளும் அடி பிரியாது உரைநடைபோல் ஓடும். 'கொல்', 'கோல்' என்னும் இரண்டும் ஏட்டில் ஒன்றே.

எம் ஆசிரியர் மிகக் கண்டிப்புடையவர். திருமுறை ஏட்டிலிருந்து தொடங்கலாமோ என்று வினவினேன். அவர் மறுத்து மருத்துவ ஏடொன்றைத் தந்து, "நீர் மடத்திற் பாடங்கேட்டவர், தேவாரத்தைக் கொடுத்தால் உமது வாய் ஓதும், கண் வாசியாது" என்றார். ஓரெழுத்தை ஐயுற்று யான் நின்றால் சொல்லிக்கொடார். அவ்வெழுத்து அச்சுவடியில் வேறெங்கு வருகின்றதெனத் தேடச் செய்வார். யான் தேடி முடியுந்துணையுந் தாமும் ஓலையினின்று கண்ணை எடார். ஆறு திங்கள் அவ்வொரு சுவடியிலேயே கழிந்தன. பகலில் மாணாக்கர்க்கு இலக்கணம் உரைத்துவிட்டு மாலையில் எழுத்துக்கூட்டி வாசித்தல் புலமைச் செருக்குக்குப் பெருஞ் சோதனையாயிற்று. விட்டுவிடலாமென்று பலகால் எண்ணியதுமுண்டு.

பின்னர்ச் சித்தாந்த உரையேடொன்று எடுத்தோம். அதில் ஓரிடத்து 'எது' என்றும் 'ஏது' என்றும் கொள்ளத்தக்க எழுத்துக்கள் வந்தன. முன்னையது வினா, பின்னையது மேற்கோளைச் சாதிக்குங் காரணம். சிவஞானபோதத்தை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு எனப் பகுத்துக் கற்கும் நமக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. யான் 'ஏது' எனக் கொண்டு காரணமுங் காட்டினேன். "காரணம் நன்று, ஆயினும் அடுத்த ஓலை செல்லரித்துப் போயிற்று. இரு பாடத்தையும் எழுதி வையும். உமது கொள்கையை ஏட்டின்மேல் ஏற்ற வேண்டா" என்றார் அவர். யான் கற்ற பாடங்களுள் தலையாயது இதுவே.

முதல்வன் உயிர்க்குக் காட்டும் உபகாரத்தோடு அமையாது, உடனின்று காணும் உபகாரமுஞ் செய்கின்றான் என்பது நம் சித்தாந்தத் துணிபு. அதனை மாணாக்கர்க்கு விளக்கும்போதெல்லாம், யான் வாசித்த வரியிலேயே தம் கண்ணையும் வைத்திருந்த அம்முதியவரே என் நினைவில் வருவார்.

புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடித் தொகுதி, ஏறக்குறைய 11,000 சுவடிகளுடையது, 2005 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பல சுவடிகளின் ஒளிப்படங்களைக் கணினியிலேயே காணலாம். ஒளிப்படம் ஓலையின் உருவைக் காக்கும், வாசிப்பாரைத் தாராது. ஆதலின் மடங்களுஞ் சைவ சபைகளும் திங்களுக்கு இரண்டு நாளேனும் ஏடு வாசிக்கும் வகுப்பு நடத்துதல் வேண்டும். வயது கடந்ததென்று எவரும் பின்னிடற்க; கற்பிக்க வல்லார் இருக்கும்போதே சென்று கற்பீராக.