ஒரு வாளித் தண்ணீரில் தெரியும் பழுது

பிளம்பர் தொட்டியின் மூடியைத் தொடவே இல்லை. "ஒரு வாளி தண்ணி குடுங்கம்மா" என்றார். நங்கநல்லூரில் இரண்டாவது மாடி வீடு. கழிப்பறையில் இருந்தது ஒன் பீஸ் கமோட், தொட்டியும் கோப்பையும் ஒட்டிப் பிறந்த சைஃபானிக் வகை. பட்டனை அழுத்தினால் தண்ணீர் கோப்பையில் மேலே ஏறுகிறது, மெதுவாக இறங்குகிறது, போக வேண்டியது போகாமல் அங்கேயே நிற்கிறது. கடையில் கேட்டதற்குக் கமோட்டையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். தரையை உடைக்க வேண்டுமே என்ற கவலை அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

வாளியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி ஒரே வீச்சில் ஊற்றினார். கோப்பை பாதிக்கு மேல் நிரம்பியது, ஒரு கணம் நின்றது, பிறகு மொத்தத் தண்ணீரும் சட்டென்று உள்ளே இழுபட்டது. கடைசியில் கர்ரென்று ஒரு சத்தம். "சைஃபன் புடிக்குதும்மா. பேன் நல்லா இருக்கு. கோளாறு டேங்குக்குள்ளதான். தரையை உடைக்க வேணாம்." பெரிய செலவைத் தவிர்த்த அந்தத் தீர்ப்புக்கு அவருக்கு ஆன நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

சென்னையின் தென்பகுதியில் ஃபிளஷ் டேங்க் வேலை என்றால் தேடி அழைக்கப்படுகிறவர் இவர். செய்யாறு பக்கத்துக்காரர். இவரோடு சில வீடுகளுக்குப் போய்வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. சைஃபானிக் கமோட்டில் தொட்டிக்குள் இருக்கும் செட்டும் கீழே இருக்கும் கோப்பையும் ஒரு ஜோடி. கோப்பையைப் பார்க்காமல் செட்டை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான்.

சாதாரண வாஷ்டவுன் கோப்பையில் தண்ணீர் தன் எடையால் கழிவைத் தள்ளிக்கொண்டு போகிறது. சைஃபானிக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. கோப்பைக்குப் பின்னால் பீங்கானுக்குள்ளேயே வளைந்து ஏறி இறங்கும் குறுகலான பாதை இருக்கிறது. தொட்டித் தண்ணீர் வேகமாக வந்து அந்தப் பாதையை முழுக்க நிரப்பிக் காற்றை வெளியேற்றினால்தான் இழுவை பிறக்கும். கோப்பை காலியாகிக் காற்று உள்ளே நுழையும்போது இழுவை அறுந்துவிடும். அந்தக் கர் சத்தம் அதுதான். தண்ணீரின் அளவு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அது விழும் வேகம். அரை வாளியை மெதுவாக ஊற்றிப் பாருங்கள், சைஃபன் பிடிக்காது.

இனி தொட்டி. மூடியைத் தூக்கி, மடித்த சாக்கின் மேல் படுக்க வைத்தார். பீங்கான் மூடி உடைந்தால் அதே மாடலுக்குத் தனி மூடி கிடைப்பது பெரும்பாடு. ஆங்கிள் வால்வை மூடி, பட்டனை அழுத்தித் தண்ணீரை வடித்து, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தார். நடுவில் நின்ற ஃபிளஷ் வால்வை அமுக்கி இடப்பக்கம் கால் சுற்று திருப்பியதும் கையோடு வந்தது. அடியில் இருந்த ரப்பர் வாஷரில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து, ஓரம் சொரசொரத்துக் கிடந்தது. விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். அந்தச் சொரசொரப்பு வழியாகத்தான் இரவும் பகலும் தண்ணீர் கசிகிறது. நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தால் ஒரு நாளைக்கு 144 லிட்டர். மூன்று மாதம் முடிவதற்குள் ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் சத்தமில்லாமல் போய்விடும்.

ஆனால் இழுவை இல்லாததற்குக் காரணம் வாஷர் அல்ல. முன்பு யாரோ வாஷ்டவுன் கமோட்டுக்கான செட்டை இதில் மாட்டியிருக்கிறார்கள். அதன் ஓவர்ஃப்ளோ குழாய் குட்டை. அதனால் தொட்டி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பவே வழியில்லை. அதோடு பென்சில் பருமனில் ஒரு ரப்பர் டியூபும் காணோம்.

அவர் அதிக நேரம் பேசியது அந்த டியூபைப் பற்றித்தான். சைஃபன் இழுக்கும்போது கோப்பையில் நிற்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. அதைத் திரும்ப நிரப்புவது இன்லெட் வால்விலிருந்து ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்குப் போகும் இந்த டியூப். இது இல்லையென்றால் கோப்பையில் தண்ணீர் மட்டம் குறையும், நாற்றம் மேலே வரும், அடுத்த ஃபிளஷ்ஷும் சொதப்பும். "ஆகாத டியூபுன்னு அறுத்துப் போட்டுடறாங்க சார். இதுல அதுதான் உயிரு." புது செட்டை மாட்டும்போது டியூபின் நுனியை ஓவர்ஃப்ளோ வாயின் விளிம்பில் கிளிப் போட்டு நிறுத்தினார். ஆழமாகச் சொருகிவிட்டால், நுனி தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே போய், அந்த டியூபே இன்னொரு சைஃபனாகித் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கக்கூடும் என்றார்.

கூட இருந்த உதவியாள் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்துப் பையன். இந்தியாவின் பல பெரிய நகரங்களில் குழாய் வேலையில் அந்த மாவட்டத்துக்காரர்களைப் பார்க்கலாம். அங்குள்ள பட்டாமுண்டையில் பிளம்பிங்குக்கென்றே அரசுப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இந்தப் பையன் கற்றது மாமாவிடம். இன்லெட் வால்வின் நட்டை அவன் ஸ்பேனரால் இறுக்கப் போக, பிளம்பர் அண்ணன் அவன் கையைப் பிடித்தார். "கைமுறுக்கு போதும்டா. அதுக்கு மேல கால் திருகுதான். மீறினா பீங்கான் விட்டுடும்." பையன் தலையாட்டிவிட்டு விரல்களாலேயே திருகினான்.

அண்ணன் தொழில் பழகியது உயரத்தில் தொங்கிய வார்ப்பிரும்புத் தொட்டிகளில். சங்கிலியை இழுத்து விட்டால் உள்ளே இருக்கும் மணி வடிவ மூடி உயர்ந்து விழுந்து, தொட்டிக்குள்ளேயே சைஃபன் பிடிக்கும். அடியில் வால்வு இல்லாததால், வாஷர் தேய்ந்து கோப்பைக்குள் கசிவது என்ற பேச்சே அதில் கிடையாது. பிரிட்டனில் 2001 வரை வீட்டுத் தொட்டிகளில் சைஃபன் முறையையே கட்டாயமாக வைத்திருந்ததற்கு அந்தக் கசியாத குணமே காரணம். பட்டன் வால்வு வந்ததும் வசதி கூடியது, கசிவும் கூடவே வந்தது.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது தொட்டிக்குள் செங்கல்லும் தண்ணீர் பாட்டிலும் போட்டுத் தரச் சொல்லிப் பலர் இவரைக் கேட்டிருக்கிறார்கள். சைஃபானிக் என்றால் மறுத்திருக்கிறார். தண்ணீர் குறைந்தால் இழுவை வராது, இரண்டு தரம் அழுத்த வேண்டிவரும், சேமிப்பு தலைகீழாகும். நான் அவர் பக்கம்தான். மிச்சப்படுத்த வேண்டிய இடம் கசிவு.

வேலை முடிந்தது. நீர்மட்டத்தை ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்திப் பட்டனை அழுத்தினார். தண்ணீர் ஏறியது, இழுத்தது, கர்ரென்று முடிந்தது. டியூப் வழியாகக் கோப்பை மறுபடி நிரம்பத் தொடங்கியது. "இருபது நிமிஷ வேலைக்கு இவ்வளவா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை, சாமான்களைப் பையில் அடுக்கினார். எனக்கு அது உறுத்தியது. அந்தக் கூலி இருபது நிமிடத்துக்கானது அல்ல. கோப்பையையும் தரையையும் காப்பாற்றத் தெரிந்த அறிவுக்கானது.

உங்கள் வீட்டில் சைஃபானிக் கமோட் இருந்தால், நன்றாக வேலை செய்யும்போதே மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம் எடுத்து வையுங்கள். செட் மாற்ற வருகிறவரிடம் அதைக் காட்டி, அந்தச் சின்ன டியூபை மறக்காமல் மாட்டச் சொல்லுங்கள். தொட்டிக்குள் குளோரின் மாத்திரை போடாதீர்கள், அது ரப்பரைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை இரவு படுக்கப் போகுமுன் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் விடுங்கள். கால் மணி நேரம் யாரும் பட்டனை அழுத்தாமலே கோப்பையில் நீலம் தெரிந்தால், மறுநாளே பிளம்பரைக் கூப்பிடுங்கள்.